உடல்நலம் காரணமாக வேலையை விட நேர்ந்தால்: பிஎஃப் பென்ஷன் எவ்வளவு வரும், அதை முன்கூட்டியே எப்படிக் கூட்டுவது?

சம்பளச் சீட்டில் மாதாமாதம் 'பிஎஃப்' என்று கழியும் தொகையை 58 வயதுக்கான பணமாகத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். ஆனால் 35 வயதில் சிறுநீரகமோ, முதுகுத்தண்டோ, நரம்போ சிக்கல் கொடுத்து, "இந்த வேலையை இன்னும் எத்தனை வருஷம் பார்க்க முடியும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னால்? அந்தப் பணம் அப்போது எவ்வளவு கைகொடுக்கும்?

இப்படி ஒரு சூழல் வரும்போது பலரும் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஒன்று, "பென்ஷன் கூடட்டும்" என்று பிஎஃபில் கூடுதல் பணம் கட்டத் தொடங்குகிறார்கள். இரண்டு, உடம்பு முடியாமல் போனதும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். முதல் காரியத்தால் மாத பென்ஷன் ஒரு ரூபாய்கூட ஏறாது. இரண்டாவது காரியத்தால் கிடைக்க வேண்டிய பென்ஷனே கைநழுவிப் போகலாம்.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கான கணக்கை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

- இபிஎஸ் திட்டத்தில் உடல் இயலாமைக்கான பென்ஷன் உண்டு. இதற்கு 10 வருட சேவை தேவையில்லை. ஒரு மாதப் பங்களிப்பு போதும்.
- ஆனால் 2014 செப்டம்பருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பலர் இபிஎஸ்ஸில் உறுப்பினரே இல்லை.
- பென்ஷனைத் தீர்மானிப்பது சேவை ஆண்டுகள். கூடுதலாகக் கட்டும் பணம் தனிக் கணக்கில்தான் சேரும்.
- இயலாமை வேலையில் இருக்கும்போது பதிவாக வேண்டும். ராஜினாமா அதற்குப் பிறகுதான்.

முதல் கேள்வி: உங்களுக்கு பென்ஷன் இருக்கிறதா?

பிஎஃப் என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு பைகள். ஒன்று இபிஎஃப், அதாவது வட்டியோடு வளரும் சேமிப்பு. மற்றொன்று இபிஎஸ், அதாவது 1995-ல் தொடங்கிய பென்ஷன் திட்டம். நீங்கள் கட்டும் 12 சதவீதம் முழுக்க இபிஎஃபுக்குப் போகும். நிறுவனம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இபிஎஸ்ஸுக்கு. ஆனால் இதற்கு 15,000 ரூபாய் என்ற சம்பள உச்சவரம்பு இருக்கிறது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 50,000 ஆனாலும் 80,000 ஆனாலும் இபிஎஸ்ஸுக்குப் போவது மாதம் 1,250 ரூபாய்தான்.

2014 செப்டம்பர் 1 முதல் இன்னொரு விதியும் வந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு முதல்முறையாக பிஎஃபில் சேரும்போதே அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தால், இபிஎஸ் உறுப்பினராக முடியாது. நிறுவனத்தின் பங்கு முழுவதும் இபிஎஃபுக்கே போய்விடும். கேம்பஸ் தேர்வில் நல்ல சம்பளத்துக்குப் போன பலர் இந்த வகைதான். இவர்களுக்கு இயலாமை பென்ஷன் என்ற பேச்சே இல்லை. சேமிப்பு மட்டும்தான்.

நீங்கள் எந்த வகை? இபிஎஃப்ஓ பாஸ்புக்கைத் திறந்து 'பென்ஷன் கான்ட்ரிபியூஷன்' என்ற பத்தியைப் பாருங்கள். மாதம் 1,250 அல்லது அதை ஒட்டிய தொகை இருந்தால் நீங்கள் இபிஎஸ்ஸில் இருக்கிறீர்கள். பூஜ்யமாக இருந்தால் இல்லை.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. முதல் வேலையில் 12,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்து இபிஎஸ் உறுப்பினரான ஒருவர், அடுத்த வேலையில் 40,000 வாங்கினாலும் இபிஎஸ்ஸில் தொடர வேண்டும். புது நிறுவனத்தில் சேரும்போது நிரப்பும் படிவம் 11-ல், "ஏற்கெனவே பென்ஷன் திட்ட உறுப்பினரா?" என்ற கேள்விக்கு அவசரத்தில் 'இல்லை' என்று டிக் அடித்தால், நிறுவனம் அவரைப் புது ஆளாகக் கணக்கில் வைத்து இபிஎஸ் பங்களிப்பை நிறுத்திவிடும். உங்கள் பாஸ்புக்கில் பழைய வேலையில் 1,250 இருந்து புது வேலையில் பூஜ்யமாகியிருந்தால், எச்.ஆரிடம் இன்றே கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது இதைச் சரிசெய்வது எளிது.

விதி என்ன சொல்கிறது?

இபிஎஸ் திட்டத்தின் 15-வது பத்தி இயலாமை பென்ஷனைப் பற்றியது. வேலையில் இருக்கும்போது 'நிரந்தர, முழு இயலாமை' ஏற்பட்டால், வாழ்நாள் முழுவதும் மாத பென்ஷன் உண்டு. சாதாரணமாக பென்ஷனுக்குத் தேவைப்படும் 10 வருட சேவை இதற்குக் கட்டாயமில்லை. 58 வயதுக்கு முன்பே பென்ஷன் வாங்குபவர்களுக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு விழுமே, அதுவும் இதில் கிடையாது.

இயலாமை என்றால் என்ன என்பதற்கான வரையறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, அது வேலையிடத்தில் நடந்த விபத்தால் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வீட்டில் வழுக்கி விழுந்ததோ, நோயோ, எதுவானாலும் சரி.

இரண்டாவது, இயலாமை நேர்ந்த சமயத்தில் செய்துகொண்டிருந்த வேலைக்கு நீங்கள் நிரந்தரமாகத் தகுதியற்றவர் ஆகிவிட்டீர்களா என்பதை மருத்துவப் பரிசோதனை மூலம் உறுதிசெய்வார்கள். இபிஎஃப்ஓ குறிப்பிடும் மருத்துவக் குழுவின் முன் போக வேண்டும். 'கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும்' என்ற வகை நோய்க்கு இது கிடைக்காது. பகுதி இயலாமைக்கும் கிடைக்காது. வாசல் குறுகல்தான்.

எவ்வளவு வரும்?

சூத்திரம் ஒன்றுதான்: பென்ஷனுக்கான சம்பளம் × சேவை ஆண்டுகள் ÷ 70. பென்ஷனுக்கான சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி. உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த உச்சவரம்பை வைத்துப் போட்டுப் பார்த்தால்:

- 3 வருட சேவை: 643 ரூபாய் வருகிறது. ஆனால் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்பதால் 1,000 கிடைக்கும்.
- 5 வருடம்: 1,071 ரூபாய்
- 10 வருடம்: 2,143 ரூபாய்
- 15 வருடம்: 3,214 ரூபாய்

50,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்குபவர் 10 வருட சேவையில் இயலாமை பென்ஷனுக்குப் போனால், அந்தச் சம்பளத்தில் சுமார் 4.3 சதவீதம்தான் மாதாமாதம் வரும். மருந்துச் செலவுக்கே போதாது. பென்ஷனர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கு அதில் பாதி கிடைக்கும். அதற்கும் 1,000 ரூபாய் குறைந்தபட்சம் உண்டு.

ஆக, இது வாழ்க்கையை ஓட்டுவதற்கான பணமல்ல. ஆனால் சாகும்வரை நிற்காமல் வரும் பணம். அதனால் இதை விட்டுவிடவும் கூடாது, இதை மட்டுமே நம்பவும் கூடாது.

கூடுதல் பணம் கட்டினால் பென்ஷன் ஏறுமா?

ஏறாது. விபிஎஃப் என்று சொல்லும் விருப்பப் பங்களிப்பு முழுவதும் இபிஎஃப் பைக்குத்தான் போகும். இபிஎஸ் பைக்குள் நீங்களாக ஒரு ரூபாயும் போட வழியில்லை.

முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் வாங்கும் 'உயர் பென்ஷன்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு திறந்த வாய்ப்பு அது. 2014 செப்டம்பர் 1-க்கு முன்பே உறுப்பினராக இருந்து, அதன் பிறகும் வேலையில் தொடர்ந்தவர்களுக்கானது. ஊழியர்கள் விண்ணப்பிக்கும் கடைசித் தேதி 2023 ஜூலை 11-உடன் முடிந்தது. இப்போது 30 வயதை ஒட்டி இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது பொருந்தாது.

அப்போ எதைக் கூட்டலாம்?

ஒன்று: சேவை ஆண்டுகள். சூத்திரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே எண் இதுதான். வேலை மாறும்போது பழைய பிஎஃப் கணக்கைப் புது நிறுவனத்துக்கு மாற்றினால் சேவை ஆண்டுகளும் கூடவே வரும். மாறாக, படிவம் 10-சி மூலம் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துவிடும். இதைவிடப் பெரிய இழப்பும் இருக்கிறது. பணத்தை எடுத்ததுமே இபிஎஸ் உறுப்பினர் தகுதி முடிந்துவிடுகிறது. அடுத்த வேலையில் அடிப்படைச் சம்பளம் 15,000-ஐத் தாண்டியிருந்தால் திரும்பவும் உள்ளே வர முடியாது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஒருவர் முதல் நிறுவனத்தில் 6 வருடம், அடுத்ததில் 6 வருடம். முதல் வேலையை விட்டதும் 10-சி போட்டு எடுத்திருந்தால் சுமார் 96,000 ரூபாய் கிடைத்திருக்கும். இரண்டாவது வேலையில் இபிஎஸ் இல்லாததால், மாதம் 1,250 வீதம் 6 வருடத்தில் 90,000 ரூபாய் இபிஎஃபில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். மொத்தம் 1.86 லட்சமும் அதற்கான வட்டியும். எடுக்காமல் மாற்றியிருந்தால்? 12 வருட சேவைக்கு மாதம் 2,571 ரூபாய், வருடத்துக்கு 30,852 ரூபாய், வாழ்நாள் முழுவதும். வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் ஆறே வருடத்தில் அந்த 1.86 லட்சத்தை பென்ஷன் எட்டிவிடும். 36 வயதில் வேலையை விட நேர்ந்தவருக்கு எது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தெளிவு: மருத்துவச் செலவுக்காக இபிஎஃபிலிருந்து முன்பணம் எடுப்பதால் பென்ஷன் சேவை ஆண்டுகள் குறையாது. அது வேறு பை. 5 லட்சம் ரூபாய் வரையிலான முன்பணக் கோரிக்கைகள் 2025 ஜூன் முதல் தானியங்கி முறையில் பரிசீலிக்கப்படுகின்றன. தொடக்கூடாதது 10-சி மட்டும்தான்.

இரண்டு: விபிஎஃப். மாத பென்ஷனை ஏற்றாது என்றாலும், உடல்நிலை பற்றிச் சந்தேகம் இருப்பவர்களுக்கு இது நல்ல சேமிப்பு. காரணம், இபிஎஃபுக்குத் தரும் அதே வட்டி. 2024-25 நிதியாண்டுக்கு அது 8.25 சதவீதம். சந்தை ஏற்ற இறக்கம் இல்லை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 100 சதவீதம் வரை கட்டலாம். நிறுவனம் ஈடாகக் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

மாதம் 5,000 ரூபாய் வீதம் 5 வருடம் கட்டினால், வட்டி இதே அளவில் தொடரும் பட்சத்தில், 3 லட்சம் ரூபாய் சுமார் 3.67 லட்சமாகும்.

வரி எல்லையையும் கவனியுங்கள். உங்கள் பங்காக வருடத்துக்கு 2.5 லட்சத்துக்கு மேல் கட்டினால், மிகுதித் தொகையின் வட்டிக்கு வரி உண்டு. 50,000 அடிப்படைச் சம்பளத்தில் உங்கள் 12 சதவீதமே வருடத்துக்கு 72,000 ஆகிறது. மீதம் 1.78 லட்சம். அதாவது மாதம் சுமார் 14,800 ரூபாய் வரை விபிஎஃப் கட்டினால் வட்டிக்கு வரி இல்லை. பல நிறுவனங்கள் நிதியாண்டின் தொடக்கத்தில் மட்டுமே விபிஎஃப் தொகையை மாற்ற விடுகின்றன. சம்பளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று: நிறுவனம் வழியாக என்பிஎஸ். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை நிறுவனம் உங்கள் என்பிஎஸ் கணக்கில் போட்டால், புதிய வரி முறையிலும் விலக்கு உண்டு. வரி மிச்சத்துக்கு நல்ல வழி. ஆனால் நோய் என்று வரும்போது பணம் சட்டென்று கைக்கு வராது. குறிப்பிட்ட நோய்களுக்குப் பகுதித் தொகை எடுக்கலாம். ஆனால் நீங்கள் கட்டியதில் 25 சதவீதம்தான். நிறுவனம் போட்டது இந்தக் கணக்கில் சேராது. இயலாமை காரணமாக முழுமையாக வெளியேற, 75 சதவீதத்துக்கு மேல் இயலாமை என்று அரசு மருத்துவரின் சான்று வேண்டும். ஒன்றிரண்டு வருடத்தில் பணம் தேவைப்படலாம் என்று தோன்றினால், விபிஎஃப்தான் முதலில்.

ராஜினாமா ஏன் முதலில் கூடாது?

விதியில் 'வேலையில் இருக்கும்போது' என்ற சொல் இருக்கிறது. "முடியலை, விட்டுடறேன்" என்று சாதாரண ராஜினாமா கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மருத்துவச் சான்றோடு போனால், இயலாமை வேலையில் இருந்தபோதே வந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. நோய் கண்டறிந்த நாளிலிருந்து எல்லா மருத்துவ ஆவணங்களையும் தேதி வாரியாக வையுங்கள். உங்கள் வேலையின் தன்மையைச் சொல்லும் பணி விவரக் கடிதத்தையும் நிறுவனத்திடமிருந்து வாங்கி வையுங்கள்.
2. இருக்கும் விடுப்பை எல்லாம் பயன்படுத்துங்கள். சம்பளமில்லா விடுப்பு கடைசியில். அந்த நாட்களுக்குப் பங்களிப்பு இல்லாததால் பென்ஷன் கணக்கில் குறையும்.
3. வேலைப் பட்டியலில் பெயர் இருக்கும்போதே நிறுவனம் வழியாக மருத்துவப் பரிசோதனைக்கும், படிவம் 10-டி மூலம் பென்ஷனுக்கும் நடவடிக்கை எடுங்கள்.
4. வேலையிலிருந்து விடுவிக்கும்போது இபிஎஃப்ஓ தளத்தில் நிறுவனம் ஒரு காரணத்தைத் தேர்வு செய்யும். அங்கே 'நிரந்தர இயலாமை' என்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. வழக்கமான 'பணி விலகல்' என்று போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரணம் சேமிப்புப் பணத்துக்கும் முக்கியம். சும்மா வேலையை விட்டவர் முழு பிஎஃப் தொகையை எடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று இபிஎஃப்ஓவின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. உடல் இயலாமையால் வெளியேறுபவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. 5 வருட சேவைக்கு முன் பிஎஃப் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்ற விதியிலும், உடல்நலக் குறைவால் வேலை முடிவுக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு.

பென்ஷனோடு சேர்ந்து வர வேண்டியவை

பணிக்கொடை: 5 வருடம் முடித்தால்தான் கிராஜுவிட்டி என்று எல்லோருக்கும் தெரியும். இறப்பு, இயலாமை இரண்டுக்கும் அந்த நிபந்தனை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விலக்கு தொடர்கிறது. 50,000 ரூபாய் சம்பளத்தில் 3 வருடம் வேலை பார்த்தவருக்கு 15/26 கணக்கில் 86,538 ரூபாய் வரும். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

இடிஎல்ஐ காப்பீடு: பிஎஃப் உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் கிடைக்கும். வேலையை விட்டால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். கடைசிப் பங்களிப்பிலிருந்து 6 மாதத்துக்குள் இறப்பு நேர்ந்தாலும், பெயர் பட்டியலில் இருக்கும்வரை தொகை உண்டு என்று 2025 பிப்ரவரியில் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. தீவிர நோயில் இருப்பவர் அவசரப்பட்டு ராஜினாமா செய்யக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் இது.

இஎஸ்ஐ: மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு நோய்க்கால உதவியாக சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பட்டியலிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், 2 வருடம் வரை. பென்ஷன் முடிவுக்கு முன் இதைப் பயன்படுத்தி வேலையில் தொடரலாம்.

அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு. அவர்கள் பென்ஷனுக்கு முன் மாற்றுப் பணியைத்தான் கேட்க வேண்டும்.

எந்தச் சான்று எதற்கு?

யுடிஐடி அட்டை இருந்தால் இயலாமை பென்ஷன் தானாக வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. 40 சதவீத இயலாமை என்ற அளவு இட ஒதுக்கீடு, வரிக்கழிவு போன்றவற்றுக்கானது. இபிஎஸ் கேட்பது 'இந்த வேலையை இவர் இனி செய்யவே முடியாதா?' என்ற வேறு கேள்வி. என்பிஎஸ் கேட்பது 75 சதவீதம் என்ற இன்னொரு அளவு. மூன்றுக்கும் மூன்று சான்று வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை முடிக்க முடியாது.

இந்த வாரமே பார்த்துவிடுங்கள்

உடம்பு நன்றாக இருக்கும்போது இதற்கெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஆகாது:

- பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி ஓடுகிறதா?
- 'சர்வீஸ் ஹிஸ்டரி'யில் எல்லா நிறுவனங்களும் வருகின்றனவா? பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் போட்டிருக்கிறதா? போடவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பிலிருந்து 2 மாதம் கழிந்த பிறகு நீங்களே தளத்தில் பதிவு செய்யலாம்.
- இரண்டு யூஏஎன் எண்கள் இருந்தால் ஒன்றாக்கிவிட்டீர்களா?
- ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பிஎஃபில் உள்ளதோடு பொருந்துகின்றனவா?
- மின்னணு வாரிசு நியமனம் முடித்தாயிற்றா?
- தீவிர நோய், இயலாமை ஆகியவற்றுக்கான கூடுதல் பாதுகாப்பை உங்கள் டேர்ம் பாலிசியோடு எடுத்திருக்கிறீர்களா? நோய் தெரிந்த பிறகு இது கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் பிரீமியம் ஏறும்.

ஏற்கெனவே நோய் தெரிந்தவர்கள் பட்டியலின் முதல் இரண்டு வரிகளில் தொடங்குங்கள். பாஸ்புக்கில் விடுபட்ட ஒவ்வொரு வருடமும், உச்சவரம்புச் சம்பளத்தில் மாதம் 214 ரூபாய். அதை மீட்க இப்போதைக்குத் தேவைப்படுவது எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல். வேலையை விட்ட பிறகு, இதே வேலைக்காக பழைய நிறுவனத்துக்கும் பிஎஃப் அலுவலகத்துக்கும் முடியாத உடம்போடு அலைய வேண்டியிருக்கும்.